மொட்டையடித்தால் நாய்க்குச் சூடு தணியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. வீட்டில் நான்கு வயது கோல்டன் ரெட்ரீவர் ஒன்று, ஆறு வயது பெர்சியன் பூனை ஒன்று. சென்னையில் வெயில் ஏறிவிட்டது, வீடெல்லாம் முடி. பக்கத்துக் குரூமிங் கடைக்காரர் இரண்டையும் ஒட்ட மொட்டையடித்துவிடலாம், சூடும் தணியும், முடி கொட்டுவதும் நிற்கும் என்கிறார். பூனைக்கு அக்குளில் சிக்கு வேறு விழுந்திருக்கிறது. மாதாமாதம் கடைக்கு அனுப்புவது தேவையா, ஆடம்பரமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியாதா என்று முடித்திருக்கிறீர்கள். செலவைப் பற்றிக் கேட்பதுபோல இருக்கிறது. எனக்கென்னவோ அந்தக் கடைக்காரர் பேச்சை நம்பலாமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று படுகிறது. மொட்டை விஷயத்தில் நம்பாதீர்கள். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பதினான்கு ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறேன். கால்நடை மருத்துவர் அல்ல. சீப்பும் கத்தரியும் பிடிக்கிறவன். முடி, தோலின் மேற்பரப்பு, நகம், காது மடல் வரைக்கும் என் கை அனுபவத்தை வைத்துப் பேசுவேன். அதற்கு உள்ளே போகிற எதுவும் மருத்துவர் பாடு.

கோல்டனுக்கு இரண்டு அடுக்கு முடி. வெளியே தெரிவது நீளமான, சற்று முரடான மேல்முடி. அதற்குக் கீழே பஞ்சு போன்ற அடிமுடி. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, பொமரேனியன் எல்லாம் இந்தக் கட்சிதான். இவற்றின் முடி ஓர் அளவுவரை வளரும், நிற்கும், உதிரும். ஷி ட்சூ, பூடில், லாசா ஆப்சோ, மால்டீஸ் வேறு ரகம். அவற்றின் முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டித்தான் ஆக வேண்டும். எதிர்வீட்டு ஷி ட்சூவை மொட்டையடித்தால் சில மாதங்களில் பழையபடி வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுக் கோல்டனுக்கும் அதே வைத்தியம் சொல்வதில்தான் கோளாறு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை முடி நாட்டு நாய்களை வளர்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. ரப்பர் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்துவிட்டால் முடிந்தது. அவர்கள் என்னிடம் வருவது நகம் வெட்டத்தான்.

சூட்டுக்கு வருவோம். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை. பாதத்தின் அடியில் உள்ள மெத்தைகளில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. வியர்க்காத தோலின் மேலிருந்து முடியை எடுத்துவிட்டால், வியர்வை காற்றில் காய்கிற சுகம் அதற்குக் கிடைக்கப்போவதில்லை. இது உறுதி. மொட்டையடித்த முதுகு நேர்வெயிலில் வெந்து சிவந்துபோகலாம் என்பதும் உறுதி. ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, முடிதான் நாயின் ஏசி என்று சொல்லித் திரிகிறார்கள். அதையும் அப்படியே விழுங்க வேண்டாம். முடி வெப்பத்தை இரண்டு பக்கமும் தடுக்கிறது. நடுப்பகல் வெயிலில் நிற்கும் நாய்க்கு அது குடை. 34 டிகிரி அறையில் மின்விசிறிக்கு அடியில் படுத்திருக்கும் நாயின் உடம்பு 38, 39 டிகிரியில் இருக்கிறது; அங்கே சூடு உள்ளிருந்து வெளியே போயாக வேண்டும், அடர்ந்த முடி அதைத் தாமதப்படுத்தவே செய்யும். ஆகவே வழித்தெடுப்பதில் லாபம் துளிகூட இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். லாபம் சிறிது, நஷ்டம் பெரிது என்பேன்.

அந்த நஷ்டத்தை நானே ஒரு நாய்க்குத் தேடிக் கொடுத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, சித்திரை மாதம். ஒரு வெள்ளைப் பொமரேனியன். வீட்டம்மா கேட்டார், நானும் மறு பேச்சில்லாமல் கிளிப்பரில் (முடி வழிக்கும் மின்கருவி) 10-ஆம் எண் பிளேடைப் பூட்டி முதுகு முழுக்க வழித்துவிட்டேன். அந்த பிளேடு விட்டுவைப்பது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் முடிதான். மூன்று மாதம் கழித்து வந்தபோது தலையிலும் காலிலும் முடி இருந்தது. முதுகு தேய்ந்த பாய்போலக் கிடந்தது. நிரம்புவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வந்த முடியும் பழைய மினுமினுப்பில் இல்லை. கிளிப்பர் போட்ட இடத்தில் முடி திரும்பாமல் போகும் இந்தக் கோளாறு தோல் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. பொமரேனியன், ஹஸ்கி போன்ற அடர்முடி இனங்களில் அதிகம் பார்க்கிறார்கள். ஏன் சில நாய்களுக்கு மட்டும் வருகிறது என்பதற்கு முடிவான விளக்கம் இல்லை. மாதக்கணக்கில் முடி வரவில்லையென்றால் தைராய்டு குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது. கோல்டனில் முழு வழுக்கையை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. அதில் நடப்பது வேறு. அடிமுடி முந்திக்கொண்டு வளர்ந்துவிடும், மேல்முடி பின்தங்கும், நாய் திட்டுத்திட்டாகப் பஞ்சு மூட்டை மாதிரி நிற்கும், முன்பைவிட எளிதாகச் சிக்கு விழும். முடி கொட்டுவதும் நிற்காது. நீள முடிக்குப் பதிலாக ஊசிபோலக் குட்டை முடி சோபாத் துணியில் குத்திக்கொண்டு நிற்கும். பெருக்கினாலும் வராது, தட்டினாலும் வராது.

உங்கள் நாய்க்குச் செய்ய வேண்டியது, கழிந்துபோன அடிமுடியை வெளியே எடுப்பது. நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பின்தொடையின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்குவேன். இடது கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கி அழுத்திப் பிடித்தால் தலை வகிடுபோல ஒரு கோடு விழும். கோட்டின் அடியில் வெளிறிய தோல் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை அளவு முடியை மட்டும் விடுவித்து, எஃகுச் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை சீவ வேண்டும். சீப்பு தடையில்லாமல் வந்தால் அடுத்த வகிடு. தடை பட்டால் அங்கேயே நிற்க வேண்டும், இழுக்கக் கூடாது. இப்படியே வகிடு வகிடாக முதுகுவரை ஏறுவது. மேலாக பிரஷ் போட்டால் நாய் பளபளவென்று இருக்கும், அடியில் கம்பளி அப்படியே கிடக்கும். தினமும் சீவுகிறோம் என்று சொல்லி வருகிற வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கதை. பிறகு குளியல். அதன்பின் வேகக் காற்று அடிக்கும் புளோயரைத் தோலுக்கு நேராகப் பிடித்ததும் இலவங்காய் வெடித்ததுபோல அறை முழுக்கப் பஞ்சு பறக்கும். நான் முகக்கவசம் இல்லாமல் அந்தப் பக்கமே போவதில்லை. எல்லாம் முடிந்து கையை உள்ளே விட்டால் விரல் தோலைத் தொட வேண்டும். காற்றும் அதே வழியில்தான் போகப்போகிறது. இதோடு வயிற்றுப் பக்கத்து முடியை மட்டும் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள். நாய் மொசைக் தரையில் கால்களைப் பரப்பிக்கொண்டு வயிற்றை ஒட்டிப் படுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குளிர்ச்சி அதற்கு நேரடியாகக் கிடைக்கட்டும்.

இந்த வகிடு பிடிக்கிற வேலைக்கு இன்னொரு பயன் உண்டு. என் கண்ணில் முதலில் படுவது அழகு அல்ல, உண்ணி. காது மடலின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில். எர்லிக்கியா, பபீசியா என்று மருத்துவர்கள் சொல்லும் உண்ணிக் காய்ச்சல்கள் இதன் வழியாகத்தான் வருகின்றன. நாய் சோர்ந்திருந்து, ஈறும் வெளுத்திருந்தால் குளிப்பாட்டாமலே திருப்பி அனுப்பிவிடுவேன். ரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை. மாதம் ஒருமுறை தேர்ந்த கை உடம்பு முழுக்கப் போய்வருவதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். வாசனைத் திரவியம், கழுத்தில் கட்டும் பட்டு ரிப்பன், நகச்சாயம், அதெல்லாம் ஆடம்பரம்.

குளியலைப் பற்றிச் சுருக்கமாக. சீவிய பிறகுதான் தண்ணீர். நனைந்த சிக்கு நனைந்த கயிற்று முடிச்சு மாதிரி, இன்னும் இறுகும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைவு. நாம் போடும் ஷாம்பு அதற்கு ஆகாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில் ஒரே கருத்து கிடையாது. தோல் நன்றாக இருக்கிற கோல்டனுக்கு மாதம் ஒருமுறை போதும் என்பது என் பழக்கம். வாரம் ஒருமுறை குளிப்பாட்டுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை, நன்றாக உலர்த்துகிறார்கள் என்றால். உலர்த்தாமல் விடுவதுதான் தப்பு. நம் ஊர்ப் புழுக்கத்தில் அடிமுடி ஈரம் தானாகக் காயாது. கன்னத்திலோ காதுக்குக் கீழேயோ நேற்றுவரை இல்லாத புண் இன்று உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கசிந்து நிற்கும். கோல்டனுக்கு இது அடிக்கடி வருகிற தொல்லை. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து பாட்டிலில் ஊற்றி நாள்கணக்கில் வைத்திருக்கும் கடைகள் உண்டு. அந்தக் கரைசலில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகும். குளித்த ஓரிரு நாளில் நாய்க்கு முதுகில் தொட முடியாத வலி, கொப்புளம், காய்ச்சல் கண்டால் சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். குளித்த தேதியைச் சொல்லி அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி பூனை. உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த அக்குள் சிக்குதான். பூனையின் தோல் தொளதொளத்த சட்டைபோல உடம்பின் மேல் நழுவும். சிக்கு இறுக இறுகத் தோலையும் கூடாரம்போல உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். வீட்டுக் கத்தரியால் சிக்கை வெட்டியிருக்கிறார்; சிக்கு கையோடு வந்துவிட்டது, பூனை கத்தக்கூட இல்லையாம். முன்காலைத் தூக்கிப் பார்த்தேன். ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தோல் இல்லை. ரத்தம்கூட அதிகமில்லை, இளஞ்சிவப்பாகச் சதை மட்டும் பளபளத்தது. நான் செய்ய முடிந்தது ஆட்டோ பிடித்து மருத்துவரிடம் அனுப்பியதுதான். தையல் போட்டு, கழுத்தில் கூம்பு மாட்டி, பத்து நாள் ஆயிற்று. எனவே கத்தரி வேண்டவே வேண்டாம். சிக்கு சிறியதாக இருந்து, அதற்கும் தோலுக்கும் நடுவே சீப்பின் பல் நுழைகிறது என்றால் நீங்களே முயலலாம். கொஞ்சம் மக்காச்சோள மாவைத் (கார்ன்ஃப்ளார்) தூவி, அடியை விரலால் பிடித்துக்கொண்டு (தோல் இழுபடாமல் இருக்க), நுனியிலிருந்து பிரித்துக்கொண்டே வாருங்கள். சீப்பு நுழையவில்லையா, நிறுத்திவிடுங்கள். அது கிளிப்பர் வேலை, பூனையோடு பழகிய கையின் வேலை.

பூனை சீறி அடங்க மறுத்தால் கடையில் மயக்க மருந்து கொடுத்து முடிவெட்டித் தருகிறோம் என்று யாராவது சொல்லக்கூடும். எழுந்து வந்துவிடுங்கள். பெர்சியன் பூனைகளில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் உண்டு, இதயத் தசை தடிக்கும் நோயும் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது. பரிசோதித்து, எடை பார்த்து, அளவு கணக்கிட்டு மயக்கம் கொடுக்க வேண்டியவர் மருத்துவர். நீங்கள் சென்னையிலேயே இருப்பதால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி, ஊரில் பாதி ஆட்டோக்காரர்களுக்கு வழி தெரியும். அங்கே காட்டும்போது இன்னொன்றையும் கேளுங்கள். ஆறு வயதுவரை இல்லாத சிக்கு இப்போது விழுகிறதென்றால், பூனை அந்த இடத்தை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்தியிருக்கலாம். உடல் பருத்து எட்டாமல் போயிருக்கலாம், பல்லோ மூட்டோ வலிக்கலாம். அல்லது ஒன்றுமே இல்லாமல், பெர்சியன் முடிக்கே உரிய தொல்லையாகவும் இருக்கலாம். எது என்று முடியைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

சிக்கு இல்லாத பூனைக்கு மொட்டை தேவையில்லை. உங்கள் பூனை முகமும் காதும் மட்டும் கறுத்த, சயாமிஸ் சாயல் கொண்ட பெர்சியன் என்றால் ஒரு வேடிக்கையும் நடக்கும். அந்த நிறம் உடம்பின் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்த இடத்தில் முடி கறுத்து முளைக்கும். மொட்டையடித்த இடம் சற்றுக் குளிர்வதால் புது முடி கறுப்பாக வந்து நிற்கும், அடுத்தடுத்த உதிர்வில்தான் வெளுக்கும். வேடிக்கையில்லாத விஷயம், விஷம். பூனை தன்மேல் பட்ட எல்லாவற்றையும் நக்கி விழுங்கிவிடும். அதன் கல்லீரலுக்குச் சில ரசாயனங்களை முறிக்கும் திறன் குறைவு. உண்ணிக்காக நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது நாய்க்குத் தாங்கும், பூனையைக் கொல்லும். உங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகத் தூங்குகின்றன என்றால், நாய்க்கு வாங்கும் மருந்தின் அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். டீ ட்ரீ எண்ணெய், குளிக்கும் தண்ணீரில் நாம் ஊற்றிக்கொள்ளும் கிருமிநாசினி, தரை துடைக்கும் பினாயில், எதுவும் பூனைமேல் படக் கூடாது.

கடையை எப்படி எடைபோடுவது என்பதற்கு என் அளவுகோலைச் சொல்கிறேன். சுவரில் தொங்கும் சான்றிதழை நான் பார்ப்பதில்லை. உலர்த்தும் இடத்தைக் காட்டச் சொல்வேன். கூண்டுக்குள் நாயை அடைத்துச் சூடான காற்றை விட்டுவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போகிற கடையில் என் எதிரியின் நாயைக்கூட விட மாட்டேன். பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் அந்தக் கூண்டில் வெப்பத்தாக்கில் செத்திருக்கின்றன. மேசையில் கழுத்துச் சுருக்கு மாட்டிய நாயைத் தனியே விடுகிறார்களா என்று பார்ப்பேன். கீழே குதித்தால் அது தூக்குக் கயிறு. கிளிப்பர் பிளேடை இடையிடையே மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்க்கிறாரா, ஒரு பிராணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிருமி நீக்குகிறாரா என்று பார்ப்பேன். படர்தாமரைப் பூஞ்சை ஒரு பூனையிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து உங்கள் குழந்தையின் கைக்கும் வர ஒரு பிளேடு போதும். வாய் பிளந்து மூச்சு வாங்கும் பூனையை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உடனே நிறுத்திவிடுவேன் என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், அந்த இடம் உங்கள் பூனைக்கு வேண்டாம். தடுப்பூசி அட்டையைக் கேட்கும் கடை நல்ல கடை. கேட்காத கடையில் உங்களுக்கு முன்னால் வந்த நாயிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைகளின் பட்டியலில் இருக்கும் இரண்டு சேவைகளைப் பற்றித் தொழிலுக்குள்ளேயே தகராறு உண்டு. காதுக்குள் முடி பிடுங்குவது ஒன்று. முன்பு எல்லாப் பூடிலுக்கும் செய்தேன். இப்போது ஆரோக்கியமான காதைத் தொடுவதில்லை, பிடுங்கிய இடம் சிவந்து வீங்குவதைப் பார்த்துவிட்டேன். ஆசனவாய்ச் சுரப்பியைப் பிதுக்குவது மற்றொன்று. நாய் பின்புறத்தைத் தரையில் தேய்க்கவில்லை, நக்கிக்கொண்டே இருக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நகம் மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. தரையில் படாத பக்கவாட்டு நகம் தேயாமல் வளைந்து சதைக்குள் இறங்கியதை வருடம் தவறாமல் பார்க்கிறேன்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. நாய்க்கு வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் வகிடெடுத்துச் சீவல். பூனைக்குத் தினமும் ஐந்தே நிமிடம், அக்குள், காதின் பின்புறம், பின்தொடை மட்டுமாவது. இதைச் செய்தால் நாய் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போனால் போதும். பூனையை மருத்துவர் சொன்னபோது மட்டும் வெளியே கொண்டுபோங்கள். பூனையின் சிக்கை இந்த வாரமே காட்டிவிடுங்கள், நாய்க்கு அவசரமில்லை. கடைக்குப் போகும்போது, அடிமுடி மட்டும் எடுக்க வேண்டும், வயிற்றுப் பக்கம் குட்டையாக, முதுகில் கிளிப்பர் படக் கூடாது என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிடுங்கள். கோல்டனை மொட்டையடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நான் மேலே சொன்ன விதத்தில் செய்தால் இரண்டரை மணி நேரம். அந்தக் கடைக்காரர் ஏன் மொட்டையைச் சிபாரிசு செய்தார் என்பது இப்போது விளங்கியிருக்கும். கூடுதல் கட்டணம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.